கோச்சுக்கு மறதி நோய் வந்தால் மைதானத்தை விட்டுவிட வேண்டுமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பள்ளியில் அவருக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த பி.டி. மிஸ்ஸுக்கு இப்போது 57 வயது. அரசு உதவி பெறும் பள்ளியில் இன்னும் வேலையில் இருக்கிறார். சில மாதங்களாக மறதி அதிகமாகி டாக்டரிடம் போனதில், அல்சைமர் நோயின் தொடக்க நிலை என்று சொல்லியிருக்கிறார்கள். "பாட் சம்மிட் என்ற அமெரிக்க கோச் இதே நோயோடு ஒரு சீசன் முழுக்க அணியை நடத்தினாராமே, எங்கள் மிஸ்ஸும் ரிடையர் ஆகும்வரை நடத்தலாம்தானே?" என்பது கேள்வி. நடத்தலாம், கூடாது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால் அது அவருக்கு உதவாது. மிஸ்ஸின் மரியாதை குறையக் கூடாது, பிள்ளைகளுக்கும் ஆபத்து வரக் கூடாது, இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துக் காப்பாற்றுவது என்றுதான் அவர் தவிக்கிறார் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து, பல வருடம் பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவள். டாக்டர் இல்லை. இந்த நோயைப் பற்றி எனக்குத் தெரிந்தது, என் மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதிலும், படித்ததிலும், அவருடைய டாக்டர்களிடம் கேட்டதிலும் வந்தது. ஆகவே கோச் வேலையைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். மருந்து, பரிசோதனை பற்றிச் சொல்வதை மிஸ்ஸின் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சம்மிட். நம் பக்கத்தில் கூடைப்பந்து ஆடியவர்களிலேயே பலருக்கு அவரைத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1952 ஜூன் 14 அன்று டென்னசி மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மூன்று அண்ணன்கள், ஒரு தங்கை. புகையிலைக் கொல்லையிலும் வைக்கோல் கட்டுவதிலும் அண்ணன்களுக்குச் சமமாக வேலை செய்து வளர்ந்தார். வேலை முடிந்த பிறகு வைக்கோல் பரணில் வளையம் மாட்டி அண்ணன்களோடு ஆட்டம். உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வயதில், அந்தப் பகுதிப் பள்ளியில் பெண்கள் அணியே இல்லை. மகள் ஆட வேண்டும் என்பதற்காகக் குடும்பம் பக்கத்து ஊரான ஹென்ரியட்டாவுக்கு வீடு மாறியது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வலங்கைமான், நீடாமங்கலம் பக்கம் நடவிலும் அறுப்பிலும் பெண்ணை வீட்டில் நிறுத்திக்கொண்ட அப்பாக்களிடம் திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் நாங்கள் அணி சேர்த்தோம். ஒரு விவசாயி தன் பெண்ணின் ஆட்டத்துக்காக ஊரையே மாற்றினார் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் கேட்கவில்லை, சிலர் மனசு மாறினார்கள்.

1974இல், 22 வயதில், டென்னசி பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். இருந்த கோச் விலகியதால் உதவியாளராக வந்தவர் கைக்கு அணி வந்தது. சம்பளம் மாதம் 250 டாலர். வேனை அவரே ஓட்டினார், சீருடையை அவரே துவைத்தார். அந்தச் சீருடை கூட முந்தைய வருடம் டோனட் விற்ற காசில் வாங்கியது. அணியில் சிலர் அவரைவிட ஒரே வயதுதான் சின்னவர்கள். கல்வி நிறுவனங்களில் பெண்களுக்குச் சமவாய்ப்பு தர வேண்டும் என்ற 'டைட்டில் நைன்' சட்டம் வந்து இரண்டே வருடம் ஆன காலம் அது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ., பெண்களுக்கான கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப்பைத் தொடங்கியதே 1982இல்தான். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது வீராங்கனையாக வெள்ளி வாங்கினார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பயிற்சியாளராகத் தங்கம். கல்லூரி அளவில் 8 சாம்பியன் பட்டம், 38 சீசனில் 1098 வெற்றி. ஒரு சீசனில்கூட தோல்வி வெற்றியைவிட அதிகமானதில்லை. எனக்கு இதையெல்லாம்விடப் பெரியதாகத் தெரிவது வேறொன்று. அவரிடம் முழுக் காலமும் ஆடி முடித்த பெண்கள் எல்லோரும் பட்டம் வாங்கினார்கள். வகுப்புக்கு வராத பெண்ணை ஆட்டத்தில் இறக்க மாட்டார்.

இனி நோய். 2010–11 சீசனிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆட்டத்தின் சூட்டில், எந்த ஆட்டமுறையைச் சொல்லி அனுப்புவது என்று சட்டென்று மனசில் வராமல் போனது. சாவியைத் தொலைத்தார், சொன்ன நேரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஏற்கெனவே முடக்குவாதத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்ததால் அதன் பக்கவிளைவு என்றுதான் முதலில் நினைத்தார். 2011 மே மாதம் மேயோ கிளினிக் என்ற அமெரிக்க மருத்துவமனையில் பரிசோதனை செய்தபோது, இளவயதில் வரும் அல்சைமர் வகை மறதி நோய் என்று தெரிந்தது. 65 வயதுக்கு முன்பு வந்தால் அப்படிச் சொல்வார்கள். ஆகஸ்டில், 59 வயதில், அவரே உலகத்துக்கு அறிவித்தார். அடுத்த சீசன் முழுக்க அணியோடு இருந்தார். 27 வெற்றி, 9 தோல்வி. தேசியப் போட்டியில் கடைசி எட்டு அணிகள் வரை வந்து பேலர் அணியிடம் தோற்றார்கள். 2012 ஏப்ரலில் தலைமைப் பொறுப்பை விட்டார். 2016 ஜூன் 28 அன்று, 64 வயதில் காலமானார்.

நீங்கள் கேள்விப்பட்டது இந்த அளவுக்குச் சரிதான். ஆனால் "நோயோடு அணியை நடத்தினார்" என்று சுருக்கிச் சொல்லும்போது விட்டுப்போகிற பகுதிதான் உங்கள் மிஸ்ஸுக்கு வேண்டியது. அந்த சீசனில் அவர் முன்பு செய்த வேலையை அப்படியே செய்யவில்லை. தொடங்குவதற்கு முன்பே வேலை பிரிக்கப்பட்டது. ஆட்டத்துக்கு நடுவில் முடிவெடுப்பது, ஆட்டம் முடிந்து பத்திரிகைக்காரர்களிடம் பேசுவது, புதிய வீராங்கனைகளைத் தேடுவது ஆகியவற்றில் பெரும்பகுதியை உதவிப் பயிற்சியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஹாலி வார்லிக், மிக்கி டிமாஸ், டீன் லாக்வுட் என்று மூன்று பேர். அதிலும் வார்லிக் அவரிடமே ஆடியவர், 1985 முதல் அவருக்கு உதவியாளர். தலைமை கோச் ஒரு பார்வை பார்த்தால் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ளக்கூடியவர். இப்படி ஒருவர் பக்கத்தில் இல்லாமல் சம்மிட்டின் தைரியம் மட்டும் அந்த சீசனைத் தாங்கியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம். நம் பள்ளிகளில் பி.டி. மிஸ் ஒரே ஆள். கோச், மேனேஜர், முதலுதவி, பந்துக்குக் காற்று அடிப்பது எல்லாம் அவர்தான். அதனால் "சம்மிட் செய்தார், மிஸ்ஸும் செய்வார்" என்று விட்டுவிட முடியாது. முதலில் அந்த வார்லிக்கைத் தேட வேண்டும்.

இன்னொரு கோச்சின் கதையும் இதோடு சேர்த்துப் பேசப்படுவது உண்டு. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக அணியின் கே யாவ். 1987இல் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அடுத்த வருடமே சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியைத் தங்கம் வாங்க வைத்தார். 2004இல் நோய் திரும்பியது. 2006–07 சீசனில் சிகிச்சைக்காக 16 ஆட்டங்களுக்கு வர முடியவில்லை, பிறகு வந்தார். 2009 ஜனவரியில், 66 வயதில் இறக்கும் அந்த மாதம் வரைக்கும் கோச் பொறுப்பில்தான் இருந்தார். கேட்கும்போது நெஞ்சு நிறையும். ஆனால் யாவுக்கு உடம்பு ஓய்ந்தது, யோசிக்கும் சக்தி கூடவே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி ஐந்து பேரின் ஆட்டத்தையும் படிக்க முடிந்தது. அல்சைமர் நேர் எதிர்த் திசையில் வருகிறது. உடம்பு நன்றாக இருக்கும், மைதானத்தைச் சுற்றி ஓடக்கூட முடியும், பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனாலேயே "நல்லாத்தானே இருக்காங்க" என்று எல்லோரும் சொல்லி, சேர வேண்டிய உதவி சேராமல் போகும்.

இந்த நோய் பொதுவாக முதலில் கைவைப்பது புதிய நினைவில். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் சீக்கிரம் பாதிக்கப்படுகின்றன. இன்று காலை நடந்தது, ஐந்து நிமிடத்துக்கு முன் சொன்னது, இவையெல்லாம் பதியாது. பழைய நினைவும், கை கால் பழகிய பழக்கமும் கூடுதல் காலம் நிற்கும். இதை ஒரு ஆட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். பத்து பத்து நிமிடமாக நான்கு கால்வாசி. எந்தப் பெண்ணுக்கு நான்கு ஃபவுல், அதாவது விதிமீறல், ஆகிவிட்டது, ஐந்தானால் வெளியே. இந்தக் கால்வாசியில் அணியின் ஃபவுல் எத்தனை, நான்கைத் தாண்டினால் எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு. முதல் பாதியின் இரண்டு டைம் அவுட்டில் மீதி எத்தனை, இரண்டாம் பாதியின் மூன்றில் எத்தனை. பந்தைக் கூடைக்கு எறிய இருக்கிற 24 விநாடி ஓடுகிறது, யாரை இறக்குவது. பெஞ்சில் இருக்கும் கோச்சின் தலைக்குள் ஓடுவது அத்தனையும் சில நிமிடத்துக்கு முன் நடந்த கணக்கு. நோய் தாக்குவது சரியாக அந்த இடத்தை. காலைப் பயிற்சியில் ஒரு பெண் லே-அப் போகும்போது, அதாவது வளையத்துக்குப் பக்கத்தில் ஓடிப்போய்ப் பந்தைப் போடும்போது, தப்பான காலில் எழும்புகிறாள் என்று பார்ப்பதற்கு அந்தக் கணக்கு வேண்டாம். ஷாட் போடும்போது முழங்கை வெளியே விலகுவதை முப்பது வருடம் பார்த்த கண் இன்றைக்கும் பார்க்கும்.

ஆகவே நான் பிரிப்பது இப்படி. ஆட்ட நாளின் முடிவுகள் வேறொருவரிடம் போக வேண்டும். மிஸ் பெஞ்சில் இருக்கட்டும், பிள்ளைகளைத் தட்டிக்கொடுக்கட்டும், இடைவேளையில் பேசட்டும். ஆனால் ஸ்கோர் ஷீட்டில் கோச் என்று கையெழுத்துப் போடுகிறவர், டைம் அவுட் கேட்கிறவர் இன்னொருவராக இருக்கட்டும். பயிற்சி நேரம் மிஸ்ஸிடமே இருக்கலாம், பக்கத்தில் ஒருவர் துணைக்கு இருந்தால். அன்றைய பயிற்சியை ஒரு பெரிய அட்டையில் எழுதி கம்பத்தில் மாட்டிவிட்டால் போதும்; நல்ல ஞாபகம் இருக்கிற கோச்சுகளும் செய்கிற காரியம்தான் அது, யாருக்கும் வித்தியாசமாகப் படாது.

எல்லாவற்றுக்கும் முன்பாக, நாளையே கைமாற வேண்டியது வேறு. வெளியூர்ப் பயணம். குறுவட்டப் போட்டிக்கும் மாவட்டப் போட்டிக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற வேலையைச் செய்தவர்களுக்கு இது புரியும். காலையில் டவுன் பஸ்ஸில் பன்னிரண்டு பெண்கள், சாயங்காலம் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையக் கூட்டத்தில் தலை எண்ணி ஏற்ற வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஆஸ்துமா, பம்ப் யார் பையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தியின் அப்பா நீடாமங்கலத்திலேயே வந்து கூட்டிக்கொண்டு போனார், இன்னொருத்தி கடைசிவரை வருவாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடைசி பஸ் வராமல் போனால் யார் யார் வீட்டுக்குப் போன் செய்தாயிற்று என்பது நினைவில் நிற்க வேண்டும். இதில் ஒரு தடவை பிசகினால் அது மிஸ்ஸுக்கும் தாங்காது, அந்தக் குடும்பத்துக்கும் தாங்காது. ஆட்டத்தில் தோற்றால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், மிஸ் வருத்தப்பட்டாலும். அவர் தனியாக ஸ்கூட்டி ஓட்டுவதையும் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்றும் சொல்லிவிடுகிறேன். பழகிய கைத்திறன் கூடுதல் காலம் நிற்கும் என்பது நன்றாக அறியப்பட்டது. உங்கள் மிஸ்ஸுக்கு அது எத்தனை மாதம், எத்தனை வருடம் என்று எந்த டாக்டராலும் தேதி குறித்துச் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் மாறும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த வேலைப் பிரிப்பை மறுபடி பார்க்க வேண்டும். மைதானத்துக்குப் போய்க்கொண்டே இருந்தால் நோய் நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு நிரூபணம் இல்லை. நடமாட்டமும் மனுஷர்களோடு பழகுவதும் மனசையும் தூக்கத்தையும் நன்றாக வைக்கும் என்பதில் சந்தேகமில்லை, அதற்காகவே போகலாம்.

நோய் முடிவானதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு நோய், சரியான தூக்கம் இல்லாமை, சில மருந்துகளின் விளைவு, இவையெல்லாமும் மறதியாகவே வெளியே தெரியும், சரிசெய்யவும் முடியும். காலம்காலமாகச் சைவம் சாப்பிடும் நம் பக்கத்துக் குடும்பங்களில் பி12 குறைவு சாதாரணம். இந்த ரத்தப் பரிசோதனைகளும் மூளை ஸ்கேனும் ஆகியிருந்தால் நல்லது. இல்லையென்றால் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, இரண்டாவது கருத்துக்கு வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடத்திலோ காட்டுங்கள். டோனெபெசில் போன்ற மாத்திரைகள் அறிகுறியைக் கொஞ்ச காலம் மட்டுப்படுத்தும், நோயை நிறுத்தாது. லெகானெமாப் என்ற ஊசிக்கு 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. தொடக்க நிலையில் மட்டும், நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கிறது. மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு வரும் அபாயம் இருப்பதால் அடிக்கடி ஸ்கேன் பார்க்க வேண்டும். வீட்டை விற்று ஓடுவதற்கு முன் நரம்பியல் டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மிஸ் மறைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓய்வு வயது 60, இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, பயம் நியாயம்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20, உட்பிரிவு 4 என்ன சொல்கிறது என்றால், வேலையில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவியைக் குறைக்கக் கூடாது. அந்த வேலைக்குப் பொருந்தவில்லை என்றால் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அரசு உதவி பெறும் அமைப்புகளும் இதில் சேரும். ஒரு சிக்கல், சட்டத்தின் பட்டியலில் அல்சைமர் என்ற பெயர் நேரடியாக இல்லை. நினைவையும் இடம், காலம் பற்றிய உணர்வையும் பெரிதாகப் பாதிக்கும் கோளாறு என்ற வரையறை இருக்கிறது. மிஸ்ஸின் நிலை அதற்குள் வருமா என்று மருத்துவ வாரியம்தான் முடிவு செய்யும். பணிச் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலையோ ஆசிரியர் சங்கத்தாரையோ பார்த்துவிட்டு, அதன் பிறகு பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லி வைக்காதீர்கள்.

பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் யார் சொல்வது? மிஸ்தான். சம்மிட் தன் வாயால் சொன்னார், மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தான் தேர்ந்த நேரத்தில். அதனால்தான் அந்த சீசனில் யாரும் அவருக்குப் பின்னால் குசுகுசுக்க வேண்டியிருக்கவில்லை. நம் ஊரில் ஒரு தெருவில் தெரிந்தால் மறுநாள் கடைத்தெரு முழுக்கத் தெரியும், அதிலும் 'புத்தி பேதலித்துவிட்டது' என்று திரித்துத்தான் போகும். 2023இல் வந்த ஓர் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, ஏதோ ஒரு வகை மறதி நோய் இருக்கிறது. ஒளித்துவைக்க வேண்டிய அபூர்வம் ஒன்றும் இல்லை. ஆனாலும் மிஸ் தயாராகும் முன் நீங்கள் முந்திக்கொண்டு பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது சுருக்கமாகப் போதும்: மிஸ்ஸுக்கு ஞாபகத்தைப் பாதிக்கும் நோய், பெயரை மறந்தால் நீங்களே பெயரைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள், ஒரே டிரில்லை இரண்டு முறை சொன்னால் இரண்டு முறை செய்யுங்கள்.

கடைசியாக உங்களுக்கு. மாவட்ட அணி வரை ஆடியிருக்கிறேன், இப்போது ஊரிலேயே வேலையில் இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன வார்லிக் இடத்துக்கு எனக்குத் தெரிந்து நீங்களே பொருத்தம். மிஸ்ஸிடம் தனியாகப் போய், "சாயங்காலப் பயிற்சிக்கு நானும் வரட்டுமா மிஸ், எனக்கும் கோச்சிங் கத்துக்கணும்" என்று கேளுங்கள். கற்றுக்கொள்வதற்கு உண்மையிலேயே நிறைய இருக்கும், அது பொய்யாக இருக்காது. அவர் சரி என்றால், வெளியாள் மைதானத்துக்குள் வருவதற்குத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆட்ட நாளில் பெஞ்சில் உட்காரவும் பிள்ளைகளோடு பயணம் போகவும் பள்ளி ஆசிரியை ஒருவரின் பெயரும் சேர்ந்து இருக்க வேண்டும், அதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். குறுவட்டப் போட்டித் தேதி வருவதற்கு முன் இது முடிந்திருக்கட்டும். கடிதம் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்றால் கேளுங்கள், நான் ஒரு மாதிரி எழுதித் தருகிறேன்.